மறு: ஷேல் பாறைக் கலைச்சொல் – கருங்கடல் நிலையா, சல்பைட்டு நீரா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒட்சிசன் தீர்ந்து ஐதரசன் சல்பைட்டு கரைந்து நிற்கும் கடல்நீரை ஆங்கிலத்தில் euxinic என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக ஆசிரியர் ஐயா தந்த ‘கருங்கடல் நிலை’யில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆங்கிலச் சொல்லும் கருங்கடலின் பழைய கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான். அங்கே 100, 150 மீற்றருக்குக் கீழே ஐதரசன் சல்பைட்டு நிறைந்த நீர்தான் என்பதும் சரி. ஆனால் இந்தச் சொல் யாருக்கு? ஷேலில், அதாவது பழஞ்சேறு இறுகிய பாறையில், மொலிப்டினம் என்ற உலோகத்தை அளந்து, பழைய கடலடியில் ஒட்சிசன் இருந்ததா என்று பார்ப்பவர்களுக்கு. அவர்கள் கணக்கில் கருங்கடலே விதிவிலக்கு. மேலோட்டுப் பாறையில் மொலிப்டினம் பத்து இலட்சத்தில் 1, 2 பங்குதான். வெளிக்கடலோடு தொடர்பறாமல், சல்பைட்டும் நிலைத்து நின்ற கடலின் ஷேலில் அது 100ஐத் தாண்டும். கருங்கடலோ அடைபட்ட தொட்டி. ஆழ்நீரிலிருந்த மொலிப்டினத்தில் பெரும்பகுதியைச் சேறு எப்போதோ இழுத்துக்கொண்டது, புதிதாக வருவது குறைவு. ஆகவே சல்பைட்டு இருந்தும் எண் அவ்வளவு ஏறாது.

‘ஒட்சிசனற்ற நிலை’ போதாதா என்று கேட்ட அக்காவுக்கு: போதாது. ஒட்சிசன் தீர்ந்தாலே யுரேனியம் தாழ்த்தப்பட்டு, அதாவது கரையாத வடிவுக்கு மாறி, சேற்றில் தங்கத் தொடங்கிவிடும். மொலிப்டினம் அப்படியில்லை. மொலிப்டேற்றாகக் கரைந்து சும்மா திரிவது, சல்பைட்டைக் கண்டால்தான் கந்தகம் ஏறிய தயோமொலிப்டேற்றாக மாறி, கரிமப் பொருளோடும் இரும்புச் சல்பைட்டோடும் ஒட்டி அடியில் இறங்கும். யுரேனியம் மட்டும் கூடிய ஷேலும் இரண்டும் கூடிய ஷேலும் சொல்வது வேறு வேறு கடலை.

‘கந்தக நீர்’ என்றால் திருகோணமலையில் கன்னியா வெந்நீரூற்றுக்கு வழி காட்டுவார்கள். ‘சல்பைட்டார் நீர்’, ஆர்தல் என்றால் நிறைதல் என்ற வகையில் அழகுதான். ஆனால் வகுப்பில் “சல்பைட்டார் எந்த ஊர், சேர்?” என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்.

என் தெரிவு ‘சல்பைட்டு நீர்’. ‘நிலை’ வேண்டாம், ‘நீர்’ வேண்டும். கிண்ணியாப் பக்கம் கண்டலடியில் சேற்றைக் காலால் கிளறிப் பாருங்கள்; கன்னங்கரேலென்று வரும், கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். அதற்கு மேலே முழங்காலளவுத் தண்ணீரில் இறால் ஓடிக்கொண்டிருக்கும். சல்பைட்டு சேற்றுக்குள்தான், தண்ணீரில் இல்லை. இத்தகைய படிவிலும் மொலிப்டினம் சற்றுக் கூடும், ஆனால் பெரும்பாலும் 25 பங்குக்குள் நின்றுவிடும். சேறு நாறுவதும் கடல் நாறுவதும் ஒன்றல்ல என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். ‘நிலை’ அதை மறைத்துவிடுகிறது.

அப்புறம், இதே வாய்பாட்டில் இன்னொன்றும் கிடைக்கிறது. ஒட்சிசனும் இல்லை, சல்பைட்டும் இல்லை, கரைந்த இரும்பு மட்டும் நிறைந்த ஆழ்கடல் கேம்பிரியன் என்ற புவிக்காலத்துக்கு முன் நெடுங்காலம் இருந்தது. அதை ‘இரும்பு நீர்’ எனலாமா? குழாய்க்கிணற்றுத் துருத்தண்ணீரை நினைப்பார்களே என்று யாராவது எழுதுவீர்கள். நினைக்கட்டும். அந்தத் தண்ணீரும் நிலத்தடியில் தெளிவாகத்தான் இருக்கிறது, மேலே வந்து காற்றுப் பட்டபின்தான் செம்மை தட்டுகிறது.