லாக் ஃபைலை அழித்த பிறகும் ஸ்லாஷ் வார் 100 சதவீதம் காட்டுகிறது, ரீபூட் செய்யலாமா?

கரிசல்காடு:
வணக்கம். லினக்ஸ் சர்வர் வேலைக்குப் புதியவன். ஸ்லாஷ் வார் (லாக் போன்றவை சேரும் பகுதி) 50 ஜிபி; எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் அடுக்கு) மேல் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம். இன்று காலை அது நிரம்பிவிட்டது. பில்லிங் அப்ளிகேஷனின் லாக் (நடந்ததைப் பதியும் ஃபைல்) மட்டும் 22 ஜிபி இருந்ததால் ஆர்எம் கட்டளை போட்டு அழித்தேன். இப்போது ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ கட்டளை 27 ஜிபி என்கிறது, நிரம்பிய இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை இன்னமும் 100 சதவீதம் என்கிறது. எல்விஎம்மின் வால்யூம் குரூப்பில் (பொதுவான இடத் தொகுப்பில்) 40 ஜிபி காலியாக இருக்கிறது. முழுவதையும் ஸ்லாஷ் வாருக்குக் கொடுத்துவிடலாமா?

இன்னொன்று: 16 ஜிபி ராமில் ஃப்ரீ (காலி) வெறும் 300 எம்பி. ஸ்வாப்பிலும் (ராமுக்குத் துணையான டிஸ்க் இடத்திலும்) 400 எம்பி போயிருக்கிறது. மேலாளர் ராம் வாங்கச் சொல்கிறார்.

மஞ்சள்வெயில்:
ஒரு ரீபூட் போடுங்கள், இடம் வந்துவிடும்.

வைகைக்கரை:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். ரீபூட் செய்தால் இடம் வரும், உண்மைதான். ஆனால் இன்றைய லாக்கும் அதோடு போய்விடும். பில்லிங் லாக் நாளைக்கே யாராவது கேட்கக்கூடியது.

ஆர்எம் அழிப்பது ஃபைலின் பெயரைத்தான். ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) அதைத் திறந்து வைத்திருக்கும் வரை ஐநோடும் (ஃபைலின் விவரப் பதிவும்) டிஸ்க்கில் உள்ள பிளாக்குகளும் அப்படியே இருக்கும். டியூ பெயர்களைப் பின்பற்றிப் போய்க் கூட்டுகிறது; டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தின் கணக்கையே கேட்கிறது. அதனால்தான் இரண்டுக்கும் 22 ஜிபி வித்தியாசம்.

ரூட்டாக (முழு அதிகாரப் பயனராக), திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை 'பிளஸ் எல் 1' என்று கொடுத்து ஓட்டுங்கள். பெயர் போய், திறந்தே இருக்கும் ஃபைல்களெல்லாம் வரும். ப்ராசஸ் எண்ணையும் எஃப்டி எண்ணையும் (திறந்த ஃபைலுக்கு அந்த ப்ராசஸ் வைத்திருக்கும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். ஓடும் ப்ராசஸ்களின் விவரங்களைக் காட்டும் ஸ்லாஷ் ப்ராக்கின் கீழ் அந்த ப்ராசஸ் எண், அதற்குள் எஃப்டி, அதற்குள் அந்த எண்: உங்கள் லாக் முழுசாக அங்கே இருக்கிறது. முதலில் சிபி (நகல் கட்டளை) போட்டு வேறு பார்ட்டிஷனுக்கு எடுத்துவிடுங்கள். அப்புறம் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும். பகலில் நிறுத்த முடியாதென்றால் அதே இடத்தில் ட்ரங்கேட் செய்து (உள்ளடக்கத்தை வெட்டி) அளவைப் பூஜ்யமாக்கலாம். ஆனால் புதிய லாக்கும் பெயரில்லாத ஃபைலுக்குள்ளேயே போகும் என்பதால் ராத்திரி எப்படியும் ரீஸ்டார்ட் வேண்டும்.

40 ஜிபியையும் கொடுக்காதீர்கள். எக்ஸ்எஃப்எஸ் வளரும், அதைச் சுருக்க நம்பகமான வழி கிடையாது. கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் பேக்கப் எடுத்து, ஃபார்மேட் செய்து, திரும்பப் போட வேண்டும். நான் 10 ஜிபிக்கு மேல் ஒரே தடவையில் கொடுப்பதில்லை. வால்யூமைப் பெரிதாக்கும் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையில் சிறிய ஆர் ஆப்ஷனைச் சேர்த்தால் வால்யூமோடு ஃபைல்சிஸ்டமும் வளரும், அன்மவுண்ட் தேவையில்லை. ஜிபி கணக்குக்குப் பெரிய எல். சிறிய எல் எக்ஸ்டெண்ட் (எல்விஎம் இடத்தைப் பிரிக்கும் துண்டு) எண்ணிக்கைக்கு.

ராம் விஷயத்தில் ஃப்ரீ என்ற பத்தியைப் பார்த்து யாரும் பணம் செலவழிக்க வேண்டாம். சும்மா கிடக்கும் ராமை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஃபைல் கேஷாக, அதாவது படித்த ஃபைல்களின் தற்காலிக நகலாக, வைத்துக்கொள்கிறது, கேட்டால் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது அவைலபிள் பத்தி. 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து இந்தக் கணக்கை அதுவே தருகிறது. ஸ்வாப்பில் 400 எம்பி உட்கார்ந்திருப்பதும் தன்னளவில் கோளாறு இல்லை. நெரிசலான நேரத்தில் விஎம்ஸ்டாட் 5 என்று கட்டளை ஓடவிட்டு (5 வினாடிக்கு ஒரு வரி வரும்) எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது), எஸ்ஓ (ஸ்வாப்புக்குப் போவது) இரண்டையும் பாருங்கள். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது பூட் ஆனதிலிருந்து சராசரி. மற்ற வரிகளில் அவை விடாமல் எண் காட்டினால், அல்லது டிமெசேஜில் (கெர்னல் செய்திகளில்) ஓஓஎம் கில்லர், அதாவது ராம் தீர்ந்தால் ப்ராசஸை நிறுத்தும் கெர்னல் பகுதி, எதையாவது கொன்றதாக இருந்தால், மேலாளர் சொல்வது சரி.

கரிசல்காடு:
நன்றி அண்ணா. பழைய ஜாவா ப்ராசஸ்தான் பிடித்து வைத்திருந்தது. லாக்கை எடுத்துக்கொண்டு ரீஸ்டார்ட் செய்தேன், டிஎஃப் 54 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அவைலபிள் 8 ஜிபிக்கு மேல். எஸ்ஐ, எஸ்ஓ பூஜ்யம். பழைய லாக்கை ஒதுக்கிவைக்கும் லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரங்கேட் (நகலெடுத்து, மூல ஃபைலைப் பூஜ்யமாக்குவது) போட்டால் இது திரும்ப வராதா?

வைகைக்கரை:
இடப் பிரச்சினை வராது. ஆனால் காப்பி முடிந்து ட்ரங்கேட் ஆவதற்குள் எழுதப்படும் வரிகள் தொலையலாம். பில்லிங்குக்கு அது ஆகாது. அப்ளிகேஷன் ஏதாவது சிக்னல் (ப்ராசஸுக்கு அனுப்பும் சிறு அறிவிப்பு) வாங்கிக்கொண்டு லாக்கை மூடித் திறக்குமா என்று டெவலப்பர்களிடம் கேளுங்கள். திறக்குமென்றால் போஸ்ட்ரொட்டேட்டில் (லாக்ரொட்டேட் லாக்கை ஒதுக்கிய பின் ஓடும் பகுதியில்) அந்தச் சிக்னலை அனுப்பினால் போதும். அப்புறம், பில்லிங் லாக்குக்குத் தனி லாஜிக்கல் வால்யூம் போட்டுவிடுங்கள், அந்த 40 ஜிபி அதற்குத்தான் உதவும்.