அம்மாயி வீடு, அம்மாப்பேட்டை, சேலம் (குடும்பக் குழு)

பெரியம்மா: அம்மா பீரோவை ஒழித்தாயிற்று. பழைய பட்டு ஒரு மூட்டை இருக்கிறது, பாதி கிழிசல். ஜரிகை எடுப்பவர் நாளைக் காலை வருகிறார்.

திவ்யா: பெரியம்மா, கொடுத்துவிடாதீர்கள்!! எனக்கு வேண்டும்.

குகை மாமா: எதற்கு?

திவ்யா: கோட் தைக்க, மாமா. பட்டு முதலில் மடிப்பில்தான் இற்றுப்போகும். இரண்டு மடிப்புக்கு நடுவில் இருக்கும் துணி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். இற்றுப்போன மடிப்பை வெட்டிவிட்டு, மீதியைப் பருத்தி லைனிங் மேல் வைத்து நெருக்கமாகத் தையல் ஓட்ட வேண்டும். இழுப்பை லைனிங் தாங்கிக்கொள்ளும். முந்தி முதுகுக்கு, பார்டர் கழுத்துக்கும் கைக்கும். ஜரிகைக்காரர் எல்லாவற்றையும் எரித்து வெள்ளியை மட்டும்தானே எடுப்பார்? தறி ஓடிய வீட்டுத் துணி அப்படிப் போகக் கூடாது.

குகை மாமா: அசல் ஜரிகையா? சுரண்டிப் பார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். அதன் மேல்தான் வெள்ளிக் கம்பி, அதற்கு மேல் தங்க முலாம்.

பெரியம்மா: வெள்ளி விக்கிற விலைக்கு வெட்டித் தைக்கிறாளாம்.

ஏற்காடு சித்தி: அக்கா, அந்த அரக்குப் புடவையும் மூட்டையில் இருக்கிறதா?

பெரியம்மா: அது என்னிடம் இருக்கிறது. அம்மா கொடுத்தது.

ஏற்காடு சித்தி: எப்போது?

குகை மாமா: மறுபடியுமா?

கார்த்தி: நாளை வருகிறவர்களுக்குத் தட்டுவடை செட் உண்டா?

அத்தை: உண்டு. எத்தனை பேர் என்று சொல்லு.

கார்த்தி: எனக்கு முறுக்கு செட்.

திவ்யா: பெரியம்மா, தண்ணீரில் மட்டும் நனைத்துவிடாதீர்கள், சாயம் இறங்கும். இரண்டு பேராகப் பிடித்து நிழலில் விரியுங்கள். உதறினால் மடிப்பு நெடுக விட்டுவிடும். தாத்தாவின் வெண்பட்டு வேட்டி இருந்தால் அதையும் தனியே வையுங்கள்.

குகை மாமா: அதில் கத்திரி வைக்கக் கூடாது. அப்பா தன் கையால் நெய்தது.

திவ்யா: வெட்ட மாட்டேன் மாமா. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்த நெசவைப் பார்த்து வரைந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

குகை மாமா: நான் வந்த பிறகு பேசலாம்.

பெரியம்மா: சரி, ஜரிகைக்காரரை மதியம் வரச் சொல்கிறேன். நீ காலையிலேயே வந்து பிரித்துக்கொள். மிச்சத்தைக் கொடுத்துவிடுவேன்.

திவ்யா: ஏழு மணிக்கே வந்துவிடுகிறேன்.

ஏற்காடு சித்தி: நானும் முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். அரக்கையும் எடுத்து வை அக்கா.

அத்தை: செட் எத்தனை பேருக்கு? யாரும் சொல்லவில்லையே.