இன்டர்டிக்ட்: தமிழில் என்ன சொல்லலாம்? (கலைச்சொல் விவாதம்)

வணக்கம் நண்பர்களே.

இடைக்கால ஐரோப்பா பற்றிய கட்டுரைகளைத் தமிழில் கொண்டுவரும் வேலை 'இன்டர்டிக்ட்' என்ற சொல்லில் வந்து நின்றிருக்கிறது. ஓர் ஊருக்கோ நாட்டுக்கோ கோயில் சடங்குகள் கிடைக்காமல் செய்ய, திருச்சபை விதித்த தண்டனை அது. குழுமத்தில் கேட்டதற்குத் தடையுத்தரவு, வழிபாட்டுத் தடை, நாட்டு விலக்கு, திருப்பணி நிறுத்தம், அருள்மறுப்பு என ஐந்து பரிந்துரைகள் வந்துள்ளன. எழுதிய எல்லோருக்கும் நன்றி. எதையும் எடுத்துக்கொள்ளும் முன், அந்தத் தண்டனை நடைமுறையில் எப்படி இருந்தது என்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன். அகராதிப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் இந்தச் சொல் பிடிபடாது.

நன்றாகத் தெரிந்த வழக்கு இங்கிலாந்துடையது. 1205இல் கேன்டர்பரி பேராயர் ஹியூபர்ட் வால்டர் இறந்தார். அடுத்தவர் யார் என்பதில் தகராறு. கேன்டர்பரி துறவிகள் தங்களில் ஒருவரான ரெஜினால்டை இரகசியமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜான் மன்னனோ தன் ஆளான நார்விச் ஆயர் ஜான் டி கிரேயை உட்காரவைக்கப் பார்த்தான். போப் மூன்றாம் இன்னொசென்ட் இரண்டு பேரையும் தள்ளிவிட்டு, ஸ்டீபன் லாங்டனைத் தேர்ந்தெடுக்க வைத்து, 1207இல் தானே திருநிலைப்படுத்தினார். லாங்டனை நாட்டுக்குள் விட மாட்டேன் என்றான் ஜான். கேன்டர்பரி துறவிகளையும் விரட்டிவிட்டான். சமரசப் பேச்சு பலிக்கவில்லை. 1208 மார்ச்சில் லண்டன், ஈலி, வூஸ்டர் ஆயர்கள் போப்பின் கட்டளையை அறிவித்தார்கள். இங்கிலாந்து முழுவதும் இன்டர்டிக்ட்.

அறிவிப்பு வந்ததும் நாடு முழுக்கக் கோயில் மணிகள் நின்றுபோயின. மக்களுக்குத் திருப்பலி (கோயில் பூசை) கிடையாது. பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்கு உண்டு. சாகக் கிடப்பவர் பாவ அறிக்கை செய்யலாம். ஆனால் செத்த பிறகு அவரைப் புனிதப்படுத்திய கல்லறையில் புதைக்கக் கூடாது, குரு வந்து செபம் சொல்லவும் கூடாது. பிணங்களைக் காட்டோரத்திலும் சாலையோரப் பள்ளங்களிலும் புதைத்தார்கள். அந்தக் கால மனிதர்களுக்கு இது எவ்வளவு பெரிய துயரம் என்பதை நாம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசி நாளில் உயிர்த்தெழுவோம் என்று நம்பியவர்கள் அவர்கள். தகப்பனைப் பள்ளத்தில் போட்டுவிட்டு வந்த ஓர் உழவனுக்குக் கேன்டர்பரியில் யார் பேராயர் என்பதோடு என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. தண்டனையின் முழு வலுவும் அங்கேதான் இருந்தது. மக்களின் தவிப்பு மன்னன் மீது அழுத்தமாக மாறட்டும் என்பதே கணக்கு.

அந்தக் கணக்கு உடனே பலிக்கவில்லை. குருக்கள் வேலை செய்யவில்லையென்றால் அவர்களுக்கு வருமானம் எதற்கு என்று ஜான் திருச்சபைச் சொத்துகளைக் கைப்பற்றினான். குருக்களோடு வாழ்ந்த பெண்களைப் பிடித்து வைத்துக்கொண்டு மீட்புப் பணம் வாங்கினான். 1209இல் மடங்களில் வாரம் ஒருமுறை கதவை மூடிக்கொண்டு திருப்பலி நிறைவேற்றலாம் என்று ஒரு தளர்வு வந்தது. 1212இல் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு நற்கருணை (திருப்பலியில் புனிதமாக்கிய அப்பம்) கொடுக்கலாம் என்று இன்னொன்று. 1213 மே மாதம் பிரெஞ்சுப் படையெடுப்பு வாசலுக்கு வந்த நிலையில், ஜான் இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் போப்பிடம் ஒப்படைத்து, அவருடைய கீழ்மன்னனாக ஆண்டுக்கு 1,000 மார்க் (அன்றைய பண அலகு) கட்டுவதாக ஒப்புக்கொண்டு அவற்றைத் திரும்பப் பெற்றான். அப்போதும் மக்கள் மீதான தண்டனை விலகவில்லை. இழப்பீட்டுப் பேச்சு இழுத்துக்கொண்டே போய், 1214 ஜூலையில்தான் நீங்கியது. ஆறு ஆண்டுகளுக்கு மேல்!

இந்தக் கதைக்குள் இன்னொரு தண்டனையும் இருக்கிறது. 1209 நவம்பரில் ஜான் தனி ஆளாகத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டான். அது எக்ஸ்கம்யூனிகேஷன். 'சபைவிலக்கு' என்ற சொல் அதற்கு ஏற்கெனவே ஓரளவு புழங்குகிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாம். சபைவிலக்கு ஓர் ஆளைச் சபைக்கு வெளியே தள்ளுகிறது. இன்டர்டிக்டில் யாரும் வெளியே போகவில்லை. எல்லோரும் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள், சபையின் சடங்குகள்தான் அவர்களுக்குக் கிடைக்காமல் போகின்றன. ஆகவே 'விலக்கு' என்று முடியும் எந்தச் சொல்லும் இங்கே குழப்பம்தான் தரும். நாட்டு விலக்கு என்றால் நாடுகடத்தல் என்று படிப்பார்கள். தவிர, இது நாட்டுக்கு மட்டும் உரிய தண்டனையும் இல்லை. 1155இல் போப் நான்காம் ஏட்ரியன் ரோம் நகரத்தின் மீதே இதை விதித்தார். போப்பின் ஆட்சியதிகாரத்தை எதிர்த்துப் பேசிய பிரேஷாவின் ஆர்னால்டை நகரத்தார் வெளியேற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அது ஈஸ்டருக்கு முந்தைய வாரம். யாத்திரிகர்கள் வந்து குவியும் நேரத்தில் கோயில்கள் மூடிக்கிடந்தால் ஊர் பிழைப்பு என்ன ஆவது? சில நாட்களில் பணிந்துவிட்டார்கள்.

இப்போது மற்றப் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> வழிபாட்டுத் தடை என்றாலே போதுமே. குருக்களுக்கு இடப்பட்ட கட்டளையே 'நிறைவேற்றாதே' என்பதுதான். தடை என்ற சொல்லை ஏன் தவிர்க்க வேண்டும்?

ஐயா சொல்வதில் நியாயம் உண்டு. சட்டப்படி பார்த்தால் குருக்களுக்கு அது தடைதான். லத்தீன் வேர்ச்சொல்லும் ரோமானியச் சட்டத்தில் நீதி அதிகாரி பிறப்பிக்கும் தடையாணையைத்தான் குறித்தது. அந்தப் பழைய பொருளுக்குத் 'தடையாணை' என்பதையே வைத்துக்கொள்ளலாம், பொருத்தமாக இருக்கும். இடைக்காலத் தண்டனைக்கு அது பொருந்தாததற்குக் காரணம் வேறு. 'இங்கிலாந்தில் வழிபாட்டுத் தடை விதிக்கப்பட்டது' என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் மனத்தில் என்ன ஓடும்? அரசு ஒரு மதத்தை ஒடுக்கியது, ஆட்சியாளர் கோயிலைப் பூட்டினார் என்றுதான் ஓடும். இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர். பூட்டியது திருச்சபை. மன்னனோ பூசை நடக்கட்டும் என்று விரும்பியவன். யார் கையில் அதிகாரம் இருந்தது என்பதைத் தலைகீழாகக் காட்டும் ஒரு சொல்லை, அதிகாரத்தைப் பற்றிய கட்டுரையில் எப்படிப் போடுவது? 'தடையுத்தரவு' என்றால் நூற்று நாற்பத்து நான்கும் நீதிமன்றமும் நினைவுக்கு வந்துவிடும். அதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை.

> திருப்பணி நிறுத்தம்: கிறித்தவ வழக்கில் திருப்பணி என்பது குருவின் ஊழியம்.

கிறித்தவ வாசகருக்குச் சரியாகவே புரியும். மற்றவர்கள் கோபுரத்துக்குச் சாரம் கட்டி, வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டதாக நினைப்பார்கள். கோயில் திருப்பணி என்ற வழக்கு அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

'அருள்மறுப்பு' கேட்க அழகான சொல். ஆனால் இடைக்கால இறையியலின்படியே அது தவறு. அருள் கடவுளுடையது, அதை மறுக்கப் போப்புக்கு உரிமையில்லை. சடங்குகளை நிறுத்தத்தான் அவரால் முடியும். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் போப்பின் அதிகாரத்தை அவரே கோராத உயரத்துக்கு நாம் ஏற்றிவிடுகிறோம்.

என் பரிந்துரை: திருச்சடங்கு முடக்கம். கட்டுரைக்குள் முதல் முறை இப்படி முழுதாகச் சொல்லிவிட்டு, பிறகு 'முடக்கம்' என்று மட்டும் எழுதலாம்.

'முடக்கம்' ஏன் என்றால், இருக்கும் ஒன்றை இயங்காமல் செய்வது என்ற பொருள் அதற்கு உண்டு. வங்கிக் கணக்கை முடக்குகிறார்கள், சொத்தை முடக்குகிறார்கள். பொருள் அங்கேயேதான் இருக்கும், உரியவரால் பயன்படுத்த முடியாது. கோயில் நிற்கிறது, குரு இருக்கிறார், மக்கள் சபையில் இருக்கிறார்கள், எதுவும் நடக்கவில்லை. இந்த நிலைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு வசதியும் உண்டு. 2020க்குப் பிறகு பொதுமுடக்கம், தளர்வு, நீட்டிப்பு எல்லாம் எல்லார் வாயிலும் புழங்கிவிட்டன. ஓர் இடம் முழுவதற்கும் பொருந்தும் ஆணை என்ற எண்ணம் இந்தச் சொல்லோடு இப்போது சேர்ந்தே வருகிறது. 1209, 1212 சலுகைகளைத் 'தளர்வு' என்று மேலே எழுதியபோது யாருக்கும் உறுத்தியிருக்காது என்று நம்புகிறேன்.

'வழிபாட்டு முடக்கம்' என்னாமல் 'திருச்சடங்கு' என்றதற்குக் காரணம் அடக்கம்தான். மக்களை மிக அதிகமாக வதைத்தது அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது. அதை வழிபாடு என்று யாரும் சொல்வதில்லை, இறுதிச் சடங்கு என்கிறோம். வீட்டில் தனியாகச் செபம் சொல்வதை இந்தத் தண்டனை தொடவும் இல்லை. 'வழிபாடு' என்றால் அதுவும் நின்றதாகப் பொருள்படும். வெறும் 'சடங்கு' என்று விட்டால் நம் ஊர்களில் பெண் பிள்ளைகளுக்குச் செய்யும் சடங்கு நினைவுக்கு வரலாம். 'திரு' சேர்ந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

சொல்லை வாக்கியத்தில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது இந்தக் குழுமத்தின் பழைய வழக்கம். பிரெஞ்சு வழக்கை வைத்து எழுதிப் பார்க்கிறேன்:

'டென்மார்க் இளவரசி இங்கபோர்கை 1193இல் மணந்த மறுநாளே தள்ளிவைத்த பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப், பின்னர் மெரானியாவின் ஆக்னஸை மணந்தான். இங்கபோர்க் போப்பிடம் முறையிட்டார். 1200 ஜனவரியில் மூன்றாம் இன்னொசென்ட் பிரான்சின் மீது திருச்சடங்கு முடக்கம் விதித்தார். அரசனுக்கு வேண்டிய ஆயர்கள் சிலர் முடக்கத்தைக் கடைப்பிடிக்கவில்லை. ஆயினும் அவ்வாண்டு மே மாதம் பிலிப்பின் மகன் லூயிக்கும் காஸ்டீலின் பிளாஞ்சுக்கும் நடந்த திருமணத்தை, முடக்கத்துக்கு உட்படாத நார்மண்டி மண்ணில், ஜான் மன்னனின் எல்லைக்குள் நடத்த வேண்டியதாயிற்று. செப்டம்பரில் முடக்கம் நீங்கியது.'

எனக்குத் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. விதித்தார், கடைப்பிடித்தார், மீறினார், தளர்த்தினார், நீக்கினார் என்று எல்லா வினைகளும் ஒட்டுகின்றன. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.

—

அன்புள்ள அண்ணாவுக்கு,

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பூசை, பாப்பரசர், சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) என்றுதான் சொல்லி வளர்ந்தோம், அதனால் உங்கள் கடிதத்தில் சில இடங்களில் வேறு சொல் இருந்தது. அது பெரிய காரியமில்லை. சேமக்காலையில் இடமில்லை என்று சொல்லிவிட்டால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பது எங்களுக்கு விளங்கும். ஆகவே அடக்கத்தை உள்ளடக்கும் சொல் வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள். ஒன்று, திருச்சபைச் சட்டத்தில் இது இடத்துக்கும் விதிக்கப்படும், ஆளுக்கும் விதிக்கப்படும். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இடத்துக்குரியதை விட்டுவிட்டது, ஆளுக்குரியது இன்றும் உண்டு. 'முடக்கம்' ஆளுக்குப் பொருந்துமா? 'அவர் முடக்கப்பட்டார்' என்றால் நோயில் விழுந்தவர் போலல்லவா கேட்கிறது?

இரண்டாவது, இடைக்காலத்தில் இன்னொரு வகையும் இருந்தது. குற்றவாளி எந்த ஊருக்குப் போகிறாரோ, அவர் அங்கே தங்கும் வரைக்கும் அந்த ஊரில் சடங்குகள் நிற்கும். அவர் கிளம்பினால் மணி மறுபடி அடிக்கும். அதற்கு என்ன சொல்வது?

நன்றியுடன் தங்கை.

—

தங்கைக்கு,

இரண்டும் அவசியமான கேள்விகள்.

முதலாவதற்கு, ஆளை எழுவாயாகப் போடாமல் எழுதினால் தீர்ந்துவிடும். 'அவர் முடக்கப்பட்டார்' வேண்டாம். 'அவருக்குத் திருச்சடங்கு முடக்கம் விதிக்கப்பட்டது' என்று எழுதுவோம். முடங்குவது சடங்கு, ஆள் அல்ல. வகை பிரிக்க வேண்டிய இடத்தில் இடமுடக்கம், ஆள்முடக்கம் என்று எழுதலாம். 'ஆள்முடக்கம்' தனியாக நின்றால் நீங்கள் சொன்ன குறை அதிலும் வரும் என்பதால், வகைப்பாட்டு அட்டவணையில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவதற்கு 'உடன்செல் முடக்கம்' என்பது என் யோசனை. 'தொடர் முடக்கம்' என்றால் நீடிக்கும் முடக்கம் என்று பொருள் மாறிவிடும். ஊர்க்காரர்களின் கண்ணால் பார்த்தால் அது கொடுமையான ஏற்பாடு. கோட்டைக்கு விருந்தாளியாக ஒரு பிரபு வந்து இறங்கினால் அந்த ஊர்ப் பிணம் காத்திருக்க வேண்டும். ஆனால் திருச்சபையின் கண்ணால் பார்த்தால் அது நாடு தழுவிய முடக்கத்தைவிடக் குறுகியது, குறி தவறாதது. நாடு தழுவிய முடக்கத்தின் கேட்டை ரோமும் உணராமல் இல்லை. 1298இல் போப் எட்டாம் பொனிபாஸ் விதிகளைத் தளர்த்தி, மணி அடிக்காமல் கதவை மூடிக்கொண்டு நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றலாம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் போன்ற பெருவிழாக்களில் கதவைத் திறந்து மணியும் அடிக்கலாம் என்றார். நெடுநாள் சடங்கில்லாமல் இருந்தால் மக்களின் பக்தி தேய்கிறது, மாற்றுக் கொள்கைகள் முளைக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கட்டுரையில் இந்தப் பகுதியைச் சேர்க்கிறேன்.

சொற்பட்டியலில் இப்போதைக்கு இவற்றைச் சேர்க்கிறேன்: திருச்சடங்கு முடக்கம், இடமுடக்கம், ஆள்முடக்கம், உடன்செல் முடக்கம், முடக்கத் தளர்வு, முடக்க நீக்கம். எக்ஸ்கம்யூனிகேஷனுக்குச் சபைவிலக்கு. ரோமானியச் சட்டப் பொருளுக்குத் தடையாணை. 'உடன்செல்' என்பதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள். மற்றவற்றில் எதிர்ப்பு இருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.