மாடல் ஏ பிரேக் டிரம்மில் ஜீப் வீல்: மாட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நான் பார்த்துக்கொள்ளும் 1929 ஃபோர்டு மாடல் ஏ-வுக்கு யாரைக் கேட்டாலும் ஒரே யோசனைதான்: "21 இஞ்ச் டயருக்கு எங்கே போய் அலைவீங்க, ஜீப் வீலைப் போட்டுடுங்க." அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டிலும் ஐந்து ஸ்டட் (வீல் நட் ஏறும் மரைக்கம்பி), அவை நிற்கும் ஸ்டட் வட்டத்தின் விட்டம் இரண்டிலும் ஐந்தரை இஞ்ச். 16 இஞ்ச் டயரும் சுலபமாகக் கிடைக்கும்.

சரி என்று மாட்டினோம். ஐந்து துளைகளும் சிக்கலில்லாமல் ஏறின. ஆனால் நட்டை முறுக்கிய பிறகும் வீலுக்கும் டிரம்முக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. எங்கே தொடுகிறது என்று பார்க்க டிரம் முகத்தில் புரூசியன் ப்ளூ என்கிற நீலச் சாயம் தடவி, வீலை மாட்டி இறுக்கிக் கழற்றினோம். வீலில் நீலம் ஒட்டியிருந்தது ஐந்தே இடத்தில், ஸ்டட் துளைகளைச் சுற்றி மட்டும். மாடல் ஏ-வில் ஸ்டட்டை அடித்து விரித்துத்தான் டிரம்மை ஹப்போடு பிடித்திருப்பார்கள். அந்த விரிந்த தோள் டிரம் முகத்தைவிடத் தூக்கலாக நிற்கிறது. அசல் ஸ்போக் வீலுக்கு இதனால் தொந்தரவில்லை, அது டிரம்மில் உட்காருவது வெளிவட்டத்தில். தட்டையான ஜீப் வீலுக்கோ அந்த ஐந்து மேடுகள்தான் ஆதாரம். அப்படியே ஓட்டினால் நட் தளரும், துளை நீள்வட்டமாகும்.

லேத்தில் ஒரு வளையம் கடைந்து, மேடுகளுக்கு இடம் விட்டு, டிரம்முக்கும் வீலுக்கும் நடுவில் போட்டோம். மறுபடி நீலம் தடவியபோது சுற்றிலும் ஒரே சீராக ஒட்டியது. வளையத்தின் கனம் போக நட்டுக்குப் போதுமான மரை மிஞ்சுகிறதா என்று முதலிலேயே அளந்துவிடுங்கள்.

டயர் உயரம் குறைந்ததால் ஸ்பீடாமீட்டர் கூடக் காட்டுகிறது. வண்டியும் குட்டையாகத்தான் தெரிகிறது, என்ன செய்ய! ராலிக்கு மட்டும் பழைய ஸ்போக் வீல்.

* * *

அண்ணா, எங்கள் கதை இதற்கு நேரெதிர். எங்கள் மாடல் ஏ-வில் யாரோ 1940-களின் ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்கை டிரம்மோடு ஏற்றியிருந்தார்கள், வீல் மட்டும் பழைய ஸ்போக். அந்த டிரம்மில் வெளிவட்டத்தைத் தாங்க ஒன்றுமே இல்லை. நட்டை முறுக்க முறுக்க வீலின் நடுப்பகுதி உள்ளே வளைந்தது. அமெரிக்காவில் இதற்கென்றே தாங்கு வளையம் விற்கிறார்கள். அதை வரவழைத்துப் போட்ட பிறகுதான் ஆட்டம் நின்றது. அப்புறம், 1936 முதல் 1939 வரையிலான ஃபோர்டு கார் டிரம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதில் ஸ்டட் வட்டமே பத்தேகால் இஞ்ச், நம் வீல் எதுவும் ஏறாது.

* * *

ஜீப் வீலோடு நட்டையும் சேர்த்து வாங்குகிறவர்கள் கவனிக்க: பழைய வில்லிஸ் ஜீப்பில் இடது பக்கம் எதிர்மரை, அதாவது இடப்புறம் திருகினால்தான் இறுகும். ஃபோர்டு ஸ்டட்டில் ஏறாது. ஸ்பேனரில் குழாய் செருகி அதை ஏற்றப் பார்த்து ஸ்டட்டையே முறித்தவரை எனக்குத் தெரியும். எம்.ஜி. என்கிற பிரிட்டிஷ் காரின் ஸ்போக் வீலில் இது தலைகீழ், நடு நட்டின் எதிர்மரை வலது பக்கம் வரும். அதே எம்.ஜி.-யின் எம்.ஜி.பி மாடலில் சாதா வீலைக் கழற்றிவிட்டு ஸ்போக் போட ஆசைப்படுகிறவர்கள் பின் ஆக்ஸிலையும் அளந்துகொள்ளுங்கள் சார். ஸ்போக் வீல் வண்டிக்கு வந்த ஆக்ஸில் நீளம் குறைவு. சாதா ஆக்ஸிலில் ஸ்போக் வீலுக்கான பல் வெட்டிய ஹப்பை மாட்டினால் டயர் வெளியே தள்ளி மட்கார்டில் உரசலாம்.