மேக்ஸ்பேனுக்கு ‘மொத்த நேரம்’ வேண்டாம், ‘கடைமுடிவு நேரம்’ என்போம்

நண்பர்களே,

எந்தப் பணியை எப்போது செய்வது என்று திட்டமிடும் அட்டவணையிடல் நிரல்களுக்கான சொற்பட்டியலில் மேக்ஸ்பேனுக்கு (makespan: முதல் பணி தொடங்கியதிலிருந்து கடைசிப் பணி முடியும்வரை ஆகும் நேரம்) ‘மொத்த நேரம்’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றியே ஆகவேண்டும். ஓர் அச்சகக் கணக்கைப் பாருங்கள்.

மூன்று புத்தகங்கள். ஒரே அச்சு இயந்திரம், பைண்டிங் செய்ய ஒரே ஆள். அச்சாகி வந்த பிறகுதான் பைண்டிங். ‘அ’ புத்தகத்துக்கு அச்சு 5 மணி நேரம், பைண்டிங் 1, ‘ஆ’வுக்கு 1, 4, ‘இ’க்கு 3, 3. வந்த வரிசையிலேயே அ, ஆ, இ என்று எடுத்தால் கடைசிப் புத்தகம் கைக்கு வர 13 மணி நேரம் ஆகிறது. ஆ, இ, அ என்று மாற்றினால் 10-லேயே எல்லாம் முடிந்துவிடும். இதற்குமேல் குறைக்க வழியில்லை: அச்சுக்கே 9 மணி நேரம் வேண்டும், அதன் பிறகு கடைசியாக வரும் புத்தகத்தைப் பைண்டிங் செய்யக் குறைந்தது 1.

இந்த வரிசையைத் தருவது ஜான்சன் என்ற கணிதவியலாளர் 1954-இல் சொன்ன விதி. இருக்கிற நேரங்களிலேயே மிகச் சிறியதைத் தேடு. அது அச்சு நேரமானால் அந்தப் புத்தகத்தை முன்னால் வை, பைண்டிங் நேரமானால் பின்னால் தள்ளு. மிச்சத்துக்கும் இப்படியே செய். இரண்டு இயந்திரம் வரை இவ்வளவு எளிது. மூன்றானால் கணக்கு கடினமாகிவிடும்.

சரி, இதில் மொத்த நேரம் எவ்வளவு? கூட்டினால் 17. எந்த வரிசையில் செய்தாலும் 17-தான்! 13 என்பது 10 ஆனதே, அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

ஒவ்வொரு பணிக்கும் ‘தொடக்க நேரம்’, ‘முடிவு நேரம்’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். நிரலில் செய்வதும், முடிவு நேரங்களில் பெருமத்தை, அதாவது மிகப் பெரியதை, ஒரு மாறியில் வைத்து, அதைச் சிறுமமாக்கச் சொல்வதுதான். ஆகவே ‘கடைமுடிவு நேரம்’. சொல்லிலேயே வரையறை இருக்கிறது.

‘கடை’ என்றதும் மளிகைக்கடை நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கடைக்குட்டி, கடைமடை என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே யாரும் குழம்புவதில்லை. டெல்டாவில் மேட்டூர் திறந்த சேதியோடு விவசாயி நின்றுவிடமாட்டார். கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்றுதான் கேட்பார். நம் நிரல் கேட்பதும் அதே கேள்வி. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்கு அதுவும் காரணம்.

இன்னொருவர் சொன்ன ‘அட்டவணை நீளம்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தரவுத்தளத்து டேபிளையும் அட்டவணை என்கிறோம்; எத்தனை வரிசை என்று புரிந்துகொள்வார்கள்.

‘இது கால அளவா, கடிகார நேரமா?’ என்ற கேள்வி நியாயமானது. முதல் பணி தொடங்கும் கணத்தைச் சுழியம் என்று வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றே. அந்த வரியையும் விளக்கத்தில் சேர்த்துவிடலாம்.

அப்புறம், ‘சராசரி முடிவு நேரம்’ வேறு அளவு. அது அப்படியே இருக்கட்டும்.