ஸ்பானிய வினைமுற்றுகளைப் பிரிப்பதில் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஸ்பானிய வினைமுற்றுகளை அசையாகவும் உறுப்பாகவும் பிரித்துக்காட்டும் அட்டவணை ஒன்றைத் தயாரித்து வருகிறேன். 'பாடிக்கொண்டிருந்தோம்' எனப் பொருள்படும் கான்தாபாமோஸ் என்ற சொல் அசையில் கான்·தா·பா·மோஸ் என்றும், உறுப்பில் கான்த்·ஆ·பா·மோஸ் என்றும் பிரிகிறது. பகுதி, இனங்காட்டும் உயிர் (வினை எந்த வகையைச் சேர்ந்தது எனக் காட்டும் உயிரெழுத்து), கால இடைநிலை, விகுதி என நம் பகுபத முறையிலேயே இதை விளக்கிவிடலாம். தொடர்ந்து நிகழ்ந்ததைக் காட்டும் இந்த இறந்தகால வடிவத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என எல்லா இடங்களுக்கும் அழுத்தம் அந்த உயிரின்மீதே விழுகிறது. இங்கு அது கடைசியிலிருந்து மூன்றாம் அசையாக அமைவதால்தான் அழுத்தக்குறி இடுகிறார்கள்.

சிக்கல் ஆப்லோ என்ற வடிவத்தில்தான் வருகிறது. முதல் அசை அழுத்தம் பெற்றால் 'பேசுகிறேன்', கடைசி அசை பெற்றால் 'அவர் பேசினார்'. எழுத்தில் இரண்டையும் பிரிப்பது ஓகாரத்தின் மேலுள்ள குறி ஒன்றே. அந்த ஓகாரத்தை விகுதி என்பதா, காலமும் இடமும் சேர்ந்த ஒரே உறுப்பு என்பதா? அழுத்தத்தையே ஓர் உறுப்பாகக் கொள்ளும் வழக்கம் உண்டா?

'வளர்த்தேன்' எனப் பொருள்படும் க்ரியே இன்னொரு ஐயம். பலர் அதை ஈரசையாக ஒலித்தாலும், ஸ்பானிய மொழிக்கான விதிகளை வகுக்கும் ஸ்பானிய அரச கழகத்தின் 2010ஆம் ஆண்டு எழுத்து விதிகள் ஓரசையாகக் கொண்டு குறியை நீக்கின. அட்டவணையில் ஒலிப்பைப் பின்பற்றுவதா, எழுத்து விதியையா? ஸ்பானியம் கற்பிப்பவர்கள் தாங்கள் கையாளும் முறையை எடுத்துக்காட்டுடன் தெரிவித்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.