கும்பிடுவதா, கை கொடுப்பதா? பயிற்சிக் குறிப்பு குறித்து ஒரு விவாதம்

ரதவீதி:
திருநெல்வேலியில் கங்கைகொண்டான் ஆலைகளிலும் வண்ணாரப்பேட்டை அலுவலகங்களிலும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு பயிற்சிக் குறிப்பு தயாராகிறது. அதில் என் வரைவு ஒரே வரி: 'யாரைப் பார்த்தாலும் வணக்கம், கை கொடுக்க வேண்டாம்.' கும்பிடுவதில் தப்பு நடக்க வழியே இல்லை. உள்ளங்கை இரண்டும் நெஞ்சுக்கு நேராகச் சேரணும், விரல்நுனி தாடைக்கு மேலே ஏற வேண்டாம், தலை லேசாகச் சாயணும், கண் எதிரே நிற்பவர் முகத்தில் இருக்கணும். இரண்டு நொடியில் முடிந்துபோகும். ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

கை கொடுப்பதில் எத்தனை இடத்தில் தடுக்குகிறது பாருங்கள். யார் முதலில் நீட்டுவது? எவ்வளவு அழுத்துவது? எப்போது விடுவது? நம்ம ஊரில் பிடித்த கையைப் பேச்சு முடியும்வரை விடமாட்டார்கள். கடைத் திண்ணையில் அண்ணாச்சிமாருக்கு அது பாசம். நேர்முகத் தேர்வுக்கு வந்த பிள்ளைக்கு அது இம்சை. அதோடு, கைகுலுக்கல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம். தொட்டு விசாரிப்பது நமக்கு வழக்கமே கிடையாது.

பொருநைக்கரை:
அண்ணாச்சி, 'தப்பு நடக்க வழியே இல்லை' என்கிறீர்களே, தப்பு அங்கேதான் இருக்கிறது. வணக்கத்திலும் மேல்கீழ் உண்டு. மேலாளரைக் கண்டால் இரண்டு கையும் நெஞ்சுக்கு ஏறும். வாசல் காவலருக்கு ஒரு தலையசைப்பு. கழிவறை கழுவுகிறவருக்கு அதுவும் கிடையாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட வைத்த மண் இது. அங்கே ஒருவர் கை நீட்ட, இன்னொருவர் அதைப் பிடிப்பது சின்ன காரியமில்லை. தொடாமலே முடித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், தொட மனசில்லாதவனுக்கு அந்த எழுத்தே மறைப்பு. அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழித் தாங்கல்களில் நெற்றியைத் தொட்டு நாமம் இடுகிறார்கள். 'தொட்டு நாமம்' என்றே அதற்குப் பெயர். தொடாதே என்று சொன்ன காலத்துக்கு அதுதான் பதில்.

கொக்கிரகுளம்:
கை கொடுத்தால் மட்டும் சமம் வந்துவிடுமா தம்பி? நீட்டிய கையில் முதலில் கண்ணில் படுவது மணிக்கட்டு. அதில் சாதியைக் காட்டும் கயிறு என்ன நிறம் என்று பார்த்துவிட்டுத்தான் சிலர் பிடியே போடுகிறார்கள். 2023-ல் நாங்குநேரியில் மாணவர் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில் பள்ளிப் பிள்ளைகள் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது இதற்காகத்தான். ஆலையில் கயிறு பற்றி ஒரு வரி சேருங்கள். எந்திரத்தில் மாட்டும் என்பதால் பாதுகாப்பு விதியாகவே அதைப் போடலாம், யாரும் மறுத்துப் பேச முடியாது.

தெற்குத்தெரு:
தொட்டு விசாரிப்பது வழக்கமில்லை என்று ரதவீதி அண்ணாச்சி எழுதியதை அப்படியே விட முடியாது. துட்டி வீட்டை, அதான் சாவு வீட்டை, மறந்துவிட்டீர்களா?

ஊருக்கு ஊர், சமுதாயத்துக்குச் சமுதாயம் முறை மாறும். பெரும்பாலும் நடப்பது இது. வீட்டு ஆண்கள் பந்தலில் வரிசையாக இருப்பார்கள். வருகிறவர் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு கையையும் நீட்டுவார். அவர்களும் இரண்டு கையையும் நீட்டுவார்கள். விரல்கள் பட்டதும் எடுத்துவிட வேண்டும். பிடிப்பதில்லை, அழுத்துவதில்லை, குலுக்குவது அறவே கூடாது. வாயில் ஒரு சொல் வராது, கண் தாழ்ந்திருக்கும். வரிசையில் ஒரு சின்னப் பையன் நின்றாலும் அவன் கையையும் தொட்டுத்தான் போக வேண்டும். தாண்டிப் போனால் அவன் கணக்கில் இல்லை என்று ஆகும். அப்புறம் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். வருகிறவரை 'வாங்க' என்று யாரும் சொல்லமாட்டார்கள். எழுந்து போகிறவரும் 'போயிட்டு வாறேன்' என்று சொல்லக் கூடாது, சொல்லாமலே நடந்துவிட வேண்டும். பெண்கள் நேரே உள்ளே போய், தோளோடு தோள் கட்டி, தலையோடு தலை சேர்த்து அழுவார்கள்.

இதை யாரும் வெள்ளைக்காரனிடம் படிக்கவில்லை. அலுவலகத்தில் தடுக்குவதும் இந்த இடத்தில்தான். தகப்பனைப் பறிகொடுத்தவர் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்புகிறார். வெளியூர் அதிகாரி ஒற்றைக் கையை நீட்டி, மூன்று குலுக்குக் குலுக்கி, 'வருந்துகிறேன்' என்கிறார். அதிகாரி நினைப்பது ஆறுதல்தான். ஆனால் அந்தக் குலுக்கல் நமக்கு வாழ்த்துச் சொல்லும் கை. வெளியூர்க்காரருக்கும் சேர்த்துத்தான் குறிப்பு எழுத வேண்டும்: இரண்டு கை, ஒரு தொடல், பேச்சு வேண்டாம். சக ஊழியர் பெண்ணாக இருந்தால் ஆண்கள் கைகூப்பி நின்றால் போதும்.

ரதவீதி:
துட்டி வீட்டை விட்டது என் பிழை. தொடுவது வழக்கமில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நீங்கள் சொன்னதிலிருந்தே ஒன்று தெரிகிறது. எங்கே, யார், எப்படித் தொடலாம் என்று ஊர் வரையறுத்து வைத்திருக்கிறது. ஆலைக்குள் அந்த வரையறை இல்லை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

பாளை மனிதவளம்:
வரையறை இல்லை என்று சொல்ல முடியாது, சட்டம் இருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தில், விரும்பாத உடல்தொடுகையும் துன்புறுத்தல் என்று நேரடியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதற்குத் தலைவர் ஒரு பெண். அதற்குக் குறைந்த ஆள் உள்ள கடை, பட்டறைக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார், 90 நாளுக்குள் விசாரணை. 'நான் மகளாக நினைத்துத்தான் முதுகில் தட்டினேன்' என்பது அங்கே பதில் ஆகாது. செய்தவர் என்ன நினைத்தார் என்பதைவிட, அது அந்தப் பெண்ணுக்கு விரும்பத்தகாததா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025-ல் சொல்லிவிட்டது.

அதற்காகக் கைகுலுக்கலையே தடை செய்வது எனக்குச் சம்மதமில்லை. வாடிக்கையாளர் வருகிறார், ஆண்களுக்கெல்லாம் கை கொடுத்துவிட்டு, கூட்டத்தில் இருக்கும் ஒரே பெண் பொறியாளரைத் தாண்டிப் போகிறார். அதுவும் அவமதிப்புதான். பெண் நீட்டினால் பிடியுங்கள், நீட்டாவிட்டால் வணக்கம். பிடிக்கும் முறையையும் எழுதுங்கள். பெருவிரல் இடுக்கும் பெருவிரல் இடுக்கும் முட்ட வேண்டும். விரல்நுனியை மட்டும் கொடுத்தால் வேண்டாவெறுப்பு, எலும்பு நோக நெரித்தால் மிரட்டல். இரண்டு குலுக்கு, உடனே விடணும். இடது கை தோளுக்கோ முழங்கைக்கோ போகவே கூடாது. புகார்கள் அந்த இடது கையில்தான் தொடங்குகின்றன. ஈரக் கை, கிரீஸ் கை என்றால் நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொல்லலாம், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

மேலப்பாளையம்:
அக்கா சொன்ன அந்த நெஞ்சில் கை வைக்கிற முறையைக் குறிப்பில் தனியாகவே எழுதுங்கள். எங்கள் ஆண்கள் தங்களுக்குள் இரண்டு கையாலும் கை கொடுத்து முஸாபஹா செய்வார்கள், பெருநாள் தொழுகை முடிந்து தழுவிக்கொள்வார்கள். ஆனால் அந்நிய ஆண், பெண் கை கொடுப்பதில்லை. ஒரு தங்கை கையை நெஞ்சில் வைத்துச் சிரித்தால், நீட்டிய கையை மடக்கி நீங்களும் அதையே செய்யுங்கள். 'என்ன, கை கொடுக்கமாட்டியளா?' என்று கேட்டு அந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

கொக்கிரகுளம்:
பாளையங்கோட்டையில் கத்தோலிக்கக் கோயில் பூசைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். சமாதானம் பகிர்வதற்குக் கைகூப்பலாம், அல்லது ஒருவர் கைகளை மற்றவர் கைகளுக்குள் வைக்கலாம் என்று இந்திய ஆயர்கள் கேட்டு, 1969-ல் வத்திக்கான் ஒப்புக்கொண்ட 12 வழிபாட்டு அம்சங்களில் இருக்கிறது. இரண்டில் எது வேண்டுமோ அது. குறிப்பும் அப்படி இருந்தால் என்ன?

பொருநைக்கரை:
இரண்டும் இருக்கட்டும், ஆனால் ஆள் பார்த்து மாறக் கூடாது. உள்ளே நுழையும்போது மேலாளருக்கு எதுவோ, காவலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அதுவே. இந்த வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் அலங்காரம்.

ரதவீதி:
சரி, வரைவை மாற்றுகிறேன். 'எல்லாருக்கும் முதலில் வணக்கம். எதிரே நிற்பவர் கை நீட்டினால் கை கொடுங்கள். பதவியில் மேலே இருப்பவர், கீழே வேலை செய்கிற பெண்ணிடம் முதலில் கை நீட்ட வேண்டாம். ஒருவருக்குச் செய்வதை எல்லாருக்கும் செய்யுங்கள்.' காலில் விழுவது பற்றியும் எழுதுகிறேன்: அலுவலகத்தில் யாரும் யார் காலிலும் விழ வேண்டாம், விழப் போனால் எழுந்து நின்று தடுக்க வேண்டும். இன்னும் ஒன்று கேட்கணும். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவதை எப்படி வைப்பது?

பாளை மனிதவளம்:
ஆணுக்குப் போர்த்தலாம். துண்டை நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையும் சமமாகத் தொங்கும்படி முன்னால் நின்று போட வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கை போடக் கூடாது. சட்டையில் ஒலிவாங்கி குத்தியிருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் விலக்குங்கள், இல்லையென்றால் கம்பியோடு வந்துவிடும். பெண்ணுக்கு மடித்துக் கையில் கொடுங்கள், அல்லது இன்னொரு பெண் போர்த்தட்டும். தலையில் பூ இருந்தால் பின்னாலிருந்து போடும்போது சரிகை அதில் மாட்டும்.

பொருநைக்கரை:
சிறப்பு விருந்தினருக்கு நிர்வாக இயக்குநர் கையால் போர்த்திவிட்டு, 20 வருசம் வேலை பார்த்த துப்புரவுப் பணியாளருக்குப் பையில் போட்டு யாரோ எழுத்தர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் இருக்கிறதே அக்கா, அதற்கும் வரி உண்டா?

பாளை மனிதவளம்:
உண்டு. நிகழ்ச்சி நிரலில் 'போர்த்துபவர்' என்று ஒரு கட்டம் போடுங்கள். ஆண்கள் எல்லாருக்கும் அதில் ஒரே பெயர். பெண்கள் எல்லாருக்கும் அவரே கையில் கொடுப்பார், அல்லது எல்லாருக்கும் ஒரே பெண் போர்த்துவார். விழாவுக்கு முந்தின நாள் அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.